கடைசிப் படியில் ஓர் இடம்: திரைத்தொழிலாளர் சங்கங்களுக்கு ஒரு தையல்காரியின் திறந்த மடல்

சென்னையில் உள்ள திரைத்தொழிலாளர் சங்கங்களின் நிர்வாகிகளுக்கும், எங்கள் மாவட்டத்துக்குப் படப்பிடிப்புக்கு வந்துபோகும் தயாரிப்பு நிறுவனங்களுக்கும்,

வணக்கம்.

எனக்கு வயது 47. கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைப் பக்கம் தையல்கடை வைத்திருக்கிறேன். உங்கள் தொழிலில் உடைப் பிரிவில் உதவியாளராகச் சேர விரும்புகிறேன். துணிக்கு இஸ்திரி போடவும், பித்தான் தைக்கவும், டிரங்குப் பெட்டியைத் தூக்கவும், காட்சி எண் எழுதிய சீட்டை உடையில் குத்தி மாட்டவும் ஓர் ஆள் வேண்டும் அல்லவா, அந்த வேலை. அதற்கு மேலே உள்ள எதையும் இப்போது கேட்கவில்லை.

இதைச் சொன்னால் எங்கள் ஊரில் முதலில் சிரிக்கிறார்கள். "இந்த வயதில் நடிக்கப் போகிறாயா?" என்கிறார்கள். சினிமா என்றால் நடிப்பு, தப்பினால் இயக்கம். மூன்றாவதாக ஒரு வேலை அங்கே இருப்பதே பலருக்குத் தெரியாது. படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கியதும் எல்லோரும் குனிந்து செருப்பைத் தேடுகிறார்கள். நான் நின்று படிப்பேன். உடைப் பிரிவின் பெயர்கள் வருவதற்குள் பெரும்பாலும் தியேட்டர்காரர் விளக்கைப் போட்டுவிடுவார்.

என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். பிளஸ் டூ முடித்து, ஐ.டி.ஐ.யில் தையல் படித்தேன். அதன் பிறகு இன்றுவரை இயந்திரத்தை விட்டு எழுந்ததில்லை. பள்ளிச் சீருடை, கல்யாண ரவிக்கை, பாடகர் குழுவின் அங்கி, பரதநாட்டிய உடை, ஆண்டு விழாவுக்குக் காமராசர், கட்டபொம்மன், விவேகானந்தர் என எல்லாம் இந்தக் கையால் தைத்தவை. இவற்றைவிட எனக்குப் பெருமையானது ஒன்று இருக்கிறது. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் எங்கள் பக்கத்துத் தேவாலயப் பங்குகளில் இயேசுவின் பாடுகளை நாடகமாக நடத்துவார்கள். எங்கள் பங்கின் நாடகத்துக்குப் பல ஆண்டுகளாக நான்தான் உடை.

நாடக உடையைப் பற்றிக் கொஞ்சம் விரித்துச் சொல்ல அனுமதியுங்கள். என்னிடம் காட்டுவதற்கு இருக்கிற சான்றிதழ் இது ஒன்றுதான். சாட்டையடிக் காட்சியில் இயேசுவின் அங்கி தோளிலிருந்து கிழிய வேண்டும். உண்மையாகவே கிழிந்தால் மறுநாள் நாடகத்துக்கு அங்கி இல்லை. அதனால் தோள் தையலைப் பிரித்து, அந்த ஒரு சாண் நீளத்துக்கு மட்டும் கையால் தளர்ந்த ஓட்டுத் தையல் போட்டு, நூலின் ஒரு முனையை முடிச்சிடாமல் வெளியே விடுவேன். சாட்டை பிடிக்கும் வீரன் முதல் அடியோடு அந்த முனையை இழுத்துவிட வேண்டும். துணி தானாகப் பிளந்து விழும். அடுத்த நாள் மாலைக்குள் மறுபடியும் ஓட்டுத் தையல். சிலுவை சுமக்கும் இயேசுவின் முகத்தைத் துடைக்கும் வெரோனிக்காவின் துணி வேறு விதம். முகம் வரைந்த பக்கம் உள்ளே இருக்கும்படி மடித்து, இரண்டு இடத்தில் மட்டும் ஒரு தையல் பிடித்துக் கொடுப்பேன். முகத்தில் ஒற்றிவிட்டு உதறினால் பிடித்த தையல் விட்டு உருவம் வெளியே வரும். ரோமானிய வீரர்களின் மார்க்கவசம் ரெக்சின், இடுப்பில் தொங்கும் பட்டைகளும் ரெக்சின்தான். நூற்றுவர் தலைவராக நடிக்கும் அண்ணாச்சி ஆண்டுக்கு ஓர் அங்குலம் பெருப்பார். உள்தையலில் முன்கூட்டியே துணி விட்டு வைத்திருக்கிறேன், இன்னும் சில ஆண்டுகளுக்குத் தாங்கும்.

இந்த வேலைகளுக்கெல்லாம் உங்கள் தொழிலில் என்ன பெயர் என்று அப்போது எனக்குத் தெரியாது. ஒரே சட்டையில் நான்கு எடுத்து, ஒன்றைச் சுத்தமாகவும் ஒன்றைச் சேறாகவும் ஒன்றைக் கிழிந்ததாகவும் வைத்திருப்பீர்கள் என்பதும், நாற்பதாம் காட்சியை முதல் நாளும் முப்பத்தொன்பதாம் காட்சியை மூன்று வாரம் கழித்தும் எடுப்பீர்கள் என்பதும், இரண்டிலும் மேல் பித்தான் ஒரே மாதிரி திறந்திருக்க வேண்டும் என்பதும் பிறகுதான் தெரிந்தது. தெரிந்தபோது மலைப்பாக இல்லை. ஒரே வீட்டில் மூன்று பெண்களுக்குக் கல்யாணத் துணி தைத்துக் கொடுத்து, ஒருவருடைய ரவிக்கை இன்னொருவருடையதோடு மாறாமல் பார்த்துக்கொண்டவள் நான்.

தெரிந்தது எப்படி என்றால், குலசேகரம் பக்கம் ஒரு படக்குழு வந்திருந்தது. ஒரு நாள் இரவு கடையைச் சாத்தப் போகும் நேரத்தில் ஓர் இளைஞர் கைநிறையச் சட்டைகளோடு வந்தார். உடைப் பிரிவு உதவியாளர். விடிவதற்குள் இடுப்பைக் குறுக்கித் தர வேண்டும் என்றார். ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டும் பெண்களுக்கான சட்டைகள். சேலைக்கு மேலே கணவனின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகும் வழக்கத்தை யாரோ பார்த்துச் சரியாகத்தான் குறித்திருக்கிறார்கள். ஆனால் சட்டைகள் புதியவை. பழசாகத் தெரிவதற்காகத் தேயிலைச் சாயத்தில் முக்கி எடுத்திருந்தார்கள்.

"தம்பி, ரப்பர் பால் பட்ட சட்டை இப்படி இருக்காது" என்றேன்.

பால் படும்போது வெள்ளை. காய்ந்தால் பழுப்பு, நாள்பட்டால் கறுப்பு. சோப்புக்கும் போகாது, சாம்பலுக்கும் போகாது. பட்ட இடத்தில் துணி விறைத்துத் தோல் போல ஆகிவிடும். அந்தக் கறை எல்லா இடத்திலும் இருக்காது. வாளியைச் சாய்க்கும்போது வயிற்றுக்கு நேரே தெறிக்கும், மரத்தில் காய்ந்து ஒட்டிய ஒட்டுப்பாலை உரித்த கையைத் துடைக்கும் பக்கவாட்டில் அடை அடையாக அப்பும். முதுகுப் பக்கம் வெயிலில் வெளுத்திருக்கும், அவ்வளவுதான். தேயிலையில் முக்கினால் முன்னும் பின்னும் அக்குளும் காலரும் ஒரே நிறமாக வருகிறது. தோட்டத்தில் ஒரு நாள் வேலை செய்தவர்களுக்குக்கூட அது பொய் என்று தெரிந்துவிடும். நான் பக்கத்து வீட்டுக்குப் போய், பால்வெட்டுக்குப் போகும் அக்காவிடம் அவருடைய பழைய சட்டைகளைக் கேட்டேன். மாற்றாகப் புதுச்சட்டை தருவார்கள் என்றதும், "இந்தக் கந்தலுக்கா?" என்று அவர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

அந்தத் தம்பி கந்தல்களை வாங்கிக்கொண்டார். குறுக்கிய கூலியை மறுக்காமல் கொடுத்தார். போகும்போது, "அக்கா, நீங்கள் சென்னையில் இருந்திருந்தால் எங்கள் மாஸ்டரிடம் சொல்லிச் சேர்த்துவிட்டிருப்பேன்" என்றார். மரியாதைக்குச் சொல்லியிருக்கலாம். நான் அதை மரியாதைப் பேச்சாக எடுத்துக்கொள்ளவில்லை.

இருபது வயதில் ஏன் வரவில்லை என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். அன்றைக்கு ஒரு பெண் இங்கிருந்து கோடம்பாக்கம் போகிறேன் என்றால் அதற்கு என்ன பொருள் கொள்வார்கள் என்று உங்களுக்கே தெரியும். பிறகு கல்யாணம், வளைகுடாவில் கணவர், இரண்டு பிள்ளைகள், படுக்கையில் மாமியார். இப்போது மூத்தவள் நர்ஸாக வேலை பார்க்கிறாள், இளையவன் பாலிடெக்னிக் முடிக்கப் போகிறான், கணவர் திரும்பி வந்து வாழைத்தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறார். என் வாழ்க்கையில் எனக்கென்று நேரம் கிடைப்பது இதுதான் முதல் தடவை.

அந்தத் தம்பி வந்து போன பிறகு விசாரிக்கத் தொடங்கினேன். ஒரு சங்க அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். எந்தச் சங்கம் என்று எழுதப் போவதில்லை, பேசியவர் தன் வேலையைத்தான் செய்தார். பெயர் கேட்பதற்கு முன் வயதைக் கேட்டார். சொன்னேன். கொஞ்சம் பேசாமல் இருந்துவிட்டு, "அம்மா, மகளுக்காகக் கேட்கிறீர்களா?" என்றார். எனக்குத்தான் என்றதும் குரல் மாறியது. சங்க உறுப்பினர் கார்டு இருந்தால்தான் படப்பிடிப்பில் வேலை, படங்களில் வேலை பார்த்ததற்குச் சான்று இருந்தால்தான் கார்டு என்றார். அப்படியானால் முதல் ஆள் எப்படி உள்ளே வந்தார் என்று கேட்டேன். தெரிந்தவர் யாராவது சேர்த்துவிட வேண்டும் என்று பதில் வந்தது. அதாவது சித்தப்பாவோ மாமாவோ இந்தத் தொழிலில் இருக்க வேண்டும். எனக்கிருந்த ஒரே மாமா குளச்சலில் மீன் ஏலம் எடுத்தார்.

படித்துவிட்டு வரலாமே என்பார்கள். சென்னை தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்படக் கல்லூரி 1945இல் தொடங்கிய நிறுவனம், நம் அரசுடையது, கட்டணமும் தாங்கக்கூடியது. ஆனால் அங்கே நடப்பது பள்ளியை முடித்துவிட்டு வரும் பிள்ளைகளுக்கான நான்காண்டுப் பட்டப்படிப்பு. ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, இயக்கம், படத்தொகுப்பு என்று பிரிவுகள் உண்டு, உடைக்கென்று தனிப் பிரிவு கிடையாது. புனேயில் இருக்கும் மத்திய அரசு நிறுவனத்தின் முதுநிலைப் படிப்புகளுக்கு வயது உச்சவரம்பு இல்லை. கேட்டதும் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது, ஆனால் முதலில் ஒரு பட்டம் வேண்டும். நான் ஒளிப்பதிவாளராகக் கனவு காணவில்லை. என் வேலையைப் படித்து முடித்தாயிற்று, அதைச் செய்யும் இடத்தை மட்டும்தான் மாற்றக் கேட்கிறேன்.

வயது என்ற கேள்விக்கு அரசாங்கம் ஏற்கெனவே ஒரு பதில் வைத்திருக்கிறது. தையல் தொழிலாளர் நலவாரியத்தில் 18 முதல் 60 வயது வரை பதிவு செய்யலாம். என்னிடம் அந்த அட்டை இருக்கிறது. அதன் கணக்குப்படி இன்னும் 13 ஆண்டுகள் நான் தொழிலாளி. கடையில் உட்கார்ந்தால் தொழிலாளி, கேரவனுக்குப் பக்கத்தில் நின்றால் கிழவி என்பது எந்தக் கணக்கு?

சட்டத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மும்பைத் திரையுலகில் ஒப்பனைக் கலைஞர் சங்கம் பெண்களுக்கு ஒப்பனைக் கலைஞர் என்ற அட்டை தராமல், சிகையலங்காரத்தோடு நிறுத்தி வைத்திருந்தது. மராட்டிய மாநிலத்தில் ஐந்தாண்டு குடியிருந்தவர்களுக்கே உறுப்பினர் அட்டை என்ற விதியும் இருந்தது. சாரு குரானா என்ற ஒப்பனைக் கலைஞர் உச்ச நீதிமன்றம் போனார். 2014 நவம்பர் 10 அன்று இரண்டு விதிகளும் செல்லாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்கள் சங்க விதிகளில் அப்படி எழுதியிருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. எழுதாமலே நடக்கிற விதிகளும் உண்டு, அவற்றை எதிர்த்து வழக்குப் போட முடியாது என்பதுதான் என் கவலை.

எங்கள் மாவட்டத்துக்கும் சினிமாவுக்கும் உள்ள உறவு முட்டம் கலங்கரை விளக்கத்தோடும் திற்பரப்பு அருவியோடும் முடிந்துவிடுவதில்லை. பாரதிராஜா 1980களில் முட்டத்துக்கு வந்து படமெடுத்த பிறகு தமிழ்நாடு முழுவதும் அந்தப் பாறைகள் தெரிந்துவிட்டன, சந்தோஷம். அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே இங்கிருந்து ஒருவர் சினிமாவைத் தேடிக் கிளம்பியிருக்கிறார். அகஸ்தீஸ்வரத்தைச் சேர்ந்த ஜே.சி. டேனியல். மலையாளத்தின் முதல் மௌனப் படத்தை எடுத்தவர், நிலத்தை விற்றுக் கேமரா வாங்கியவர். தொழில் கற்க அவர் முதலில் போனது சென்னைக்குத்தான். அங்குள்ள ஸ்டூடியோக்களில் அவரை உள்ளே விடவில்லை. பம்பாய்க்குப் போய், தான் ஓர் ஆசிரியர் என்றும் மாணவர்களுக்குச் சினிமாவைப் பற்றிக் கற்பிக்க வேண்டியிருக்கிறது என்றும் சொல்லித்தான் உள்ளே நுழைந்தார். படம் தோற்றுக் கடனாளியாகி, பிற்பாடு பல் மருத்துவராகப் பிழைத்து, 1975இல் அகஸ்தீஸ்வரத்திலேயே இறந்தார். கேரள அரசு 1992இலிருந்து அவர் பெயரில் விருது கொடுத்து வருகிறது. நம் பக்கம் அவரை நினைப்பவர்கள் குறைவு.

அந்தப் படத்தின் கதாநாயகி பி.கே. ரோஸியின் கதையை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். தலித் பெண்ணான அவர் நாயர் பெண்ணாக நடித்தார். திருவனந்தபுரத்தில் படம் திரையிட்டபோது கூட்டம் கல்லெறிந்தது. ஊரைவிட்டு ஓடி வந்து, பெயரை மாற்றிக்கொண்டு, நாகர்கோவிலில் வாழ்ந்து மறைந்தார். எல்லோரும் அதைச் சாதியின் கதையாகப் படிக்கிறார்கள், சரிதான். தையல்காரிக்கு அதில் உடையும் தெரிகிறது. ஒரு சாதிப் பெண்ணின் உடுப்பை இன்னொரு சாதிப் பெண் உடுத்தியதைத்தான் அந்தக் கூட்டம் திரையில் பார்த்தது.

இந்த மண்ணில் உடை அவ்வளவு பெரிய விஷயமாக இருந்திருக்கிறது. மேலுடம்பை மறைத்து உடுத்தும் உரிமைக்காக நாடார் பெண்கள் போராடிய தோள்சீலைக் கலகம் பல பத்தாண்டுகள் நடந்தது. 1859 ஜூலை 26 அன்று திருவிதாங்கூர் மன்னர் வெளியிட்ட அறிவிப்பைப் படித்தால் அது கிட்டத்தட்ட ஓர் உடைக் குறிப்பு போலவே இருக்கும். நாடார் பெண்கள் கிறித்தவப் பெண்களைப் போல ரவிக்கை போடலாம், கடற்கரைப் பெண்களைப் போல முரட்டுத் துணி சுற்றலாம், மேல்சாதிப் பெண்களைப் போல மட்டும் உடுத்தக் கூடாது. அதற்கும் முன்னால், 1820களிலேயே, ஒரு மிஷனரியின் மனைவியான மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அந்தக் கைவேலை இந்த வட்டாரத்தில் தலைமுறைகளாகத் தொடர்ந்தது, என் அத்தையும் பின்னினார். திருவிதாங்கூரைப் பற்றிப் படமெடுக்க வருகிறவர்கள் பத்மநாபபுரம் அரண்மனையின் தூணை ஒரு கீறல் விடாமல் காட்டுகிறார்கள். (தமிழ்நாட்டுக்குள் நின்றுகொண்டு அந்தத் தூணைப் படமெடுக்கக் கேரள அரசின் அனுமதி வேண்டும், அது தனிக்கதை.) தூணுக்குப் பக்கத்தில் நிற்கும் பெண்ணின் ரவிக்கையில் முதுகுப்புறம் ஜிப் இருக்கிறது. பக்கத்து ஊரில் கேட்டிருந்தால் சொல்லியிருப்போம்.

இனி உங்கள் பக்கத்து நியாயங்களுக்கு வருகிறேன். அவை பொய்யென்று நான் நினைக்கவில்லை.

வேலை கடினம் என்பீர்கள். விடியற்காலை நான்கு மணிக்கு எழ வேண்டும், இரவுப் படப்பிடிப்பு உண்டு, நாள் முழுக்க நிற்க வேண்டும். டிசம்பர் மாதத்தில் கிறிஸ்துமஸ் துணிக்காக நான் எப்போது தூங்குகிறேன் என்று என் வீட்டில் கேளுங்கள். கண்ணுக்கு வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்டாயிற்று, ஊசியில் நூல் கோக்க அரை நொடி கூடுதலாகும். முழங்கால் சில நாள் முனகும். டிரங்குப் பெட்டியை ஒரு கைப்பிடியில் நான் பிடித்தால் மறு கைப்பிடியில் இன்னொருவர் பிடிக்க வேண்டும். இருபத்திரண்டு வயதுப் பையனும் அப்படித்தான் தூக்குகிறான் என்பதையும் பார்த்திருக்கிறேன்.

வயதில் சின்னவர்கள் ஏவினால் தாங்குவாயா என்பீர்கள். இதுதான் உண்மையான தடை என்று எனக்குத் தோன்றுகிறது, ஆனால் தடை என் பக்கம் இல்லை, ஏவ வேண்டியவர்கள் பக்கம் இருக்கிறது. நம் ஊரில் மூத்தவளை அக்கா என்று கூப்பிட்டுவிட்டால் பிறகு அதட்ட நாக்கு எழும்பாது. அதனால்தான் மாஸ்டர்கள் அதட்டக்கூடிய வயதில் ஆள் தேடுகிறார்கள். நான் சொல்கிறேன், அக்கா என்றே கூப்பிடுங்கள். கூப்பிட்டுவிட்டு, "காலர் சரியில்லை, பிரித்துத் தையுங்கள்" என்றும் சொல்லுங்கள். கல்யாணப் பெண்ணின் தாயாரிடம் நடுக்கடையில் திட்டு வாங்காத தையல்காரி இந்த மாவட்டத்தில் கிடையாது. யாரோ ஒருவருடைய மகனிடம் வாங்க எனக்கு என்ன கூச்சம்?

இந்த வயதில் கற்றுக்கொண்டு எத்தனை நாள் வேலை செய்யப் போகிறாய் என்பீர்கள். 40 வயதைத் தாண்டித் திரைக்கு வந்தவர்கள் என்று பத்திரிகைகள் போடும் பட்டியல்களைப் பார்க்கிறேன். பொமன் இரானி போல, எல்லோரும் நடிகர்கள். நாற்பதில் வந்த லைட்மேன், நாற்பதில் வந்த உடை உதவியாளர் என்று யாரும் எழுதுவதில்லை, ஒருவேளை இல்லையோ என்னவோ. ஆனால் இந்தத் தொழிலில் வயதானால் கை ஓய்ந்துவிடும் என்று மட்டும் சொல்லாதீர்கள். அமெரிக்க உடை வடிவமைப்பாளர் ஆன் ராத் 2021இல் ஆஸ்கர் வாங்கியபோது அவருக்கு வயது 89. அவர் இளமையிலேயே தொடங்கியவர், உண்மை. நான் 89 வரைக்கும் கேட்கவில்லை, 60 வரைக்கும்தான்.

இன்னொரு நியாயமும் இருக்கிறது, அதை நீங்கள் வெளிப்படையாகச் சொல்வதில்லை. கட்டணம் கட்டிக் கார்டு வாங்கிய உங்கள் உறுப்பினர்களில் பலர் படமில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது, வெளியூர்க்காரியை எதற்குச் சேர்க்க வேண்டும்? நியாயமான கேள்வி. சங்கம் என்றால் முதலில் தன் ஆட்களைப் பார்க்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் அது சங்கமே இல்லை. அதனால் உங்கள் உறுப்பினர் ஒருவரை இறக்கிவிட்டு அந்த இடத்தைத் தரும்படி நான் கேட்கவில்லை. எங்கள் மாவட்டத்தில் படப்பிடிப்பு நடக்கும்போது உள்ளூரில் எப்படியும் ஆள் எடுக்கிறீர்கள். கூட்டத்தில் நிற்க, சாமான் இறக்க, சமையலுக்கு, இரவில் சட்டையைக் குறுக்க. அந்த வேலைக்குக் கூலி தருகிறீர்கள், கணக்கு மட்டும் வைப்பதில்லை. உங்கள் கார்டுக்காரர் ஒருவருக்குக் கீழே நான் வேலை பார்த்த நாட்களை ஒரு சீட்டில் எழுதி, அவரும் தயாரிப்பு மேலாளரும் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். இத்தனை நாள் சேர்ந்தால் பயிற்சி உறுப்பினர், அதற்கு மேல் இத்தனை நாளில் முழு உறுப்பினர் என்று நீங்களே எண்ணை முடிவு செய்யுங்கள். எண் பெரியதாக இருந்தாலும் பரவாயில்லை, தெரிந்தால் போதும். கட்டணத்தை மொத்தமாகக் கட்டு என்றால் என்னால் முடியாது, கூலியில் பிடித்துக்கொள்ளுங்கள்.

எண் தெரியாததால்தான் தரகர்கள் பிழைக்கிறார்கள். கார்டு வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் என்னிடமும் வந்தார். கடன் சொல்லிவிட்டுப் போகும் வாடிக்கையாளர்களின் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பழகியவள் என்பதால் நான் பணம் கொடுக்கவில்லை. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் மகனுக்காக நகையை அடகு வைத்துக் கொடுத்தார்கள். அந்தப் பையன் இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். சேர என்ன வேண்டும், எவ்வளவு ஆகும், யாரிடம் கட்ட வேண்டும் என்பதை நாளிதழில் ஒரே ஒரு முறை தமிழில் அச்சடித்து வெளியிட்டால் பல வீட்டு நகை பெட்டியிலேயே இருக்கும்.

பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை தனியாக. மலையாளத் திரையுலகில் பெண்களின் நிலையை ஆராயக் கேரளத்தில் 2017இல் அமைத்த நீதிபதி ஹேமா குழு 2019இன் கடைசி நாளில் அறிக்கை கொடுத்தது. அது வெளியே வர 2024 ஆகஸ்ட் ஆயிற்று. பரபரப்பான பகுதிகளைத்தான் எல்லோரும் பேசினார்கள். படப்பிடிப்பு இடங்களில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை, உடை மாற்ற இடம் இல்லை என்பதும் அதே அறிக்கையில் இருக்கிறது. எங்கள் பக்கம் வரும் படக்குழுக்களிடமும் நான் கண்டது அதுதான். கேரவன் நடிகைக்கு, மற்ற பெண்களுக்கு ரப்பர்த் தோட்டம். வண்டி விஷயமும் அப்படியே. அரசு டவுன் பஸ்ஸில் எனக்கு டிக்கெட் இல்லை, ஆனால் காலை ஐந்து மணிக்கு முட்டத்தில் இரு என்றால் அந்த நேரத்துக்கு எனக்கு எந்தப் பஸ் வரும்? ஓட்டலில் தங்கும் உங்கள் ஆட்களை ஏற்றும் வேன் தக்கலை வழியாகத்தானே வருகிறது, ஒரு நிமிடம் நிறுத்தினால் ஏறிக்கொள்வேன்.

பூந்தமல்லி அருகே 500 கோடி ரூபாயில் நவீனத் திரைப்பட நகரம் அமைக்கப்போவதாக 2024 பட்ஜெட்டில் அரசு அறிவித்தது. வரட்டும். அங்கே தக்கலையும் குளச்சலும் செட் போட்டு எடுத்துக்கொள்ளலாம் என்று யாராவது யோசித்திருந்தால், ரப்பர் சட்டைக்கு மட்டும் சொல்லி அனுப்புங்கள். இந்த மடலைப் படித்துவிட்டு என் தெருவிலேயே இன்னும் இரண்டு பேர் பெயர் கொடுக்கச் சொன்னார்கள். ஒருவர் வளைகுடாவில் எலெக்ட்ரீஷியனாக இருந்து திரும்பியவர், மூன்று பேஸிலும் சுமையைச் சமமாகப் பிரித்துப் போடாவிட்டால் ஜெனரேட்டருக்கு என்ன ஆகும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார், வயது 51. இன்னொருவர் தச்சர். அவர் தன் வயதைச் சொல்ல மறுக்கிறார், ஆனால் கதவு நன்றாகச் செய்வார்.

வேலைக்கு வரும் மாதங்களையும் சொல்லிவிடுகிறேன், மேலாளர்களுக்கு உதவும். மே, ஜூனில் பள்ளிச் சீருடை, அப்போது என்னால் அசைய முடியாது. தவக்காலத்தில் நாடகம், அதை விட மாட்டேன். டிசம்பரில் கிறிஸ்துமஸ் துணி. மற்ற மாதங்களில் என்னிடம் தொழில் கற்ற பெண் கடையைப் பார்த்துக்கொள்வாள், முதல் நாள் இரவு சொன்னால் மறுநாள் வந்துவிடுவேன். ஜூலையில் வருவதாக இருந்தால் ஒவ்வொரு உடையிலும் இரண்டு கூடுதலாக எடுத்து வாருங்கள். அந்த மாதம் இங்கே மழை, துவைத்த துணி மறுநாள் காட்சிக்குக் காயாது.

இப்படிக்கு,
ஒரு தையல்காரி,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்